இடாப்புக் கூப்பிடாத ஒன்றுகூடல்

"வாழ்க்கையிலை ஒருக்காத்தான் மச்சான், கட்டாயம் வா" என்று போன கிழமை ரொறன்ரோவிலிருந்து ஒரு நண்பன் ரெலிபோனில் சொன்னான். அவன் இப்படிச் சொல்வது இது ஐந்தாவது தடவை. 2019இல் ஒல்லாந்தில் காட்டுக்குள் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கூடினோம். பிறகு கொரோனா வந்து ஓய்வு. 2022இல் ஜெர்மனி. 2023இல் கனடாக்காரர்களின் வசதிக்காக மெக்சிக்கோவில் கன்கூன் கடற்கரை. குடியும் சாப்பாடும் அறை வாடகைக்குள் அடக்கமாம். 2024இல் லண்டன். இந்தமுறை ஊருக்கே போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு விழா, பிறகு குடும்பம் குட்டிகளோடு பஸ் பிடித்துப் பாசிக்குடாவில் நாலு நாள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் ரி-சேர்ட். முதுகில் '2007 உயர்தரம்' என்று அடித்திருக்கிறார்கள்.

இவ்வளவு காலமும் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எரிச்சலில் கதைக்கிறான் என்பார்கள். எரிச்சல் இருக்கிறதுதான். பாரிசில் ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது சலாட்டும் இனிப்பும் போடுகிற மேசைவரைக்கும் வந்திருக்கிறேன். மாதம் ஆயிரத்து ஐந்நூறு யூரோவுக்குள் சம்பளம் எடுக்கிறவனிடம் இரண்டாயிரத்துச் சொச்சம் யூரோ செலவில் 'வா மச்சான்' என்றால் எரிச்சல் வராமல் என்ன வரும்? ஆனால் நான் சொல்ல வந்தது காசைப் பற்றி அல்ல.

ஒல்லாந்துக்கு நானும் போனவன். அதை மறைக்கக் கூடாது. கூட வேலை செய்கிற வங்காளப் பொடியனிடம் கெஞ்சி வேலை நாளை மாற்றிவிட்டு இரவு பஸ்சில் போய் இறங்கினேன். இந்த நாட்டில் என்னுடைய பெயரை அகதி அலுவலகத்தில் ஒரு மாதிரி, பொலிசில் ஒரு மாதிரி, குசினியில் ஒரு மாதிரிச் சொல்லுவார்கள். பத்து வருடத்துக்கு மேலாக ஒருவரும் கூப்பிடாத பட்டப்பெயரைச் சொல்லி ஒருவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஒடியல் கூழ் காய்ச்சினோம். கணக்கு வாத்தியாரின் நடையை நடந்து காட்டினோம். விடிய மூன்று மணிவரை ஒருவரும் படுக்கவில்லை. அந்தச் சந்தோசம் பொய்யென்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

பொய் வேறு இடத்தில் இருந்தது. "நீ என்ன செய்யிறாய்?" என்று கேட்டார்கள். "றெஸ்ரோறன்ரிலை மனேச்சர்" என்றேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் பார்சல் லொறி ஓடுகிறவன். 'லொஜிஸ்ரிக்ஸ்' என்றான். நான் அவனைப் பார்க்கவில்லை, அவனும் என்னைப் பார்க்கவில்லை. கூடப் படித்தவர்களிடம்கூட உண்மையைச் சொல்ல முடியாவிட்டால் எதற்காக ஐயா ஒல்லாந்துவரைக்கும் போய்க் கூடுவது?

மூன்று நாளும் குசினிக்குள் நின்றவர்கள் நண்பர்களின் மனைவிமார். நாங்கள் முற்றத்தில் இருந்து 'அந்த நாள்' கதைக்க, அவர்கள் உள்ளே றால் உரித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் எடுக்கப் போனபோது ஒருவர் சொன்னார்: "என்னோடை படிச்ச பிள்ளையளைக் கண்டு பதினாறு வருசம் அண்ணா. எங்களுக்கு ஆர் வீடு எடுத்துத் தருவினம்?" நான் சிரித்துச் சமாளித்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலோடு வெளியே வந்துவிட்டேன். வருடம் முழுக்கக் கோப்பை கழுவிச் சீவிக்கிறவன் அந்த மூன்று நாளும் ஒரு கோப்பையைக்கூடக் கழுவவில்லை.

பட்டப்பெயர் என்றேனே, அதில் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒருவனுக்கு அவனுடைய தகப்பனின் தொழில்தான் பட்டப்பெயர். விளங்குகிறவர்களுக்கு விளங்கும். அவன் இப்போது சுவிசில் இருக்கிறான், எங்களில் பலரைவிட நல்ல நிலையில். ஒல்லாந்தில் அந்தப் பெயரைச் சொல்லியும் சிரித்தார்கள். அவன் அங்கே இல்லை. வட்ஸ்அப் குழுவில் அவனைச் சேர்த்தபோது அதே பெயரால்தான் 'வெல்கம்' சொன்னார்கள். இரண்டாம் நாள் வெளியேறிவிட்டான். 'அவனுக்கு மண்டைக்கனம்' என்று தீர்ப்பு எழுதியாயிற்று. அவனுடைய வீட்டில் ஒருநாளாவது தேத்தண்ணி குடித்தவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கை உயர்த்த முடியாது.

இனி விசயத்துக்கு வருகிறேன். 2004இல் பதினோராம் வகுப்பில் எங்கள் பிரிவின் வரவு இடாப்பில் 42 பேர். வகுப்புத் தலைவனாக அந்த இடாப்பைத் தினமும் அலுவலகத்திலிருந்து தூக்கி வந்தவன் நான். இன்றைக்கும் பெயர்களை ஒழுங்கு பிசகாமல் சொல்லுவேன். வேலை முடிந்து கடைசி மெற்றோவில் வரும்போது சில நாட்களில் மனதுக்குள் இடாப்புக் கூப்பிட்டுப் பார்ப்பேன். வெளிநாட்டில் 19 பேர். ஊரிலும் கொழும்பிலும் 12 பேர். செத்தது நிச்சயமாகத் தெரிந்தது 3 பேர். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் 2 பேர். மற்ற 6 பேரும் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்று ஒருவரும் மினக்கெடவுமில்லை.

எங்கள் வட்ஸ்அப் குழுவில் 23 பேர். வெளிநாட்டுக்காரர் 18, ஊர்க்காரர் 5. அந்த ஐந்து பேரும் யார்? டொக்டர் ஒருவன், இன்ஜினியர் இரண்டு, வங்கி மனேச்சர் ஒருவன், கச்சேரியில் நல்ல பதவியில் ஒருவன். மிச்ச ஏழு பேரில் ஆட்டோ ஓடுகிறவன் இருக்கிறான், மேசன் இருக்கிறான், கடலுக்குப் போகிறவன் இருக்கிறான். அவர்களில் அநேகமானோர் ஓ.எல்லோடு படிப்பை விட்டவர்கள். ரி-சேர்ட்டில் '2007 உயர்தரம்' என்று அடித்துவிட்டால் அவர்களை வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. தானாகவே கழிந்துபோவார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் இறங்கும்போது வெயிலில் வரிசையில் நிற்கப்போகிற சின்னப் பிள்ளைகளில் அந்த ஆட்டோக்காரனின் மகனும் நிற்பான். மாலை போடுவான்.

இடாப்பில் கடைசிப் பெயர், 42ஆம் இலக்கம். பிந்திச் சேருகிறவர்களின் பெயரை அகர வரிசையில் செருக முடியாது, கடைசியில்தான் எழுதுவார்கள். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்த பிறகு கிளிநொச்சியிலிருந்து வந்து பெரியம்மா வீட்டில் நின்று படித்தவன். மரத்தடியிலும் தறப்பாள் கொட்டிலிலும் படித்துவிட்டு வந்த பொடியன், கேத்திர கணிதத்தில் எங்கள் எல்லோரையும் விழுத்தினான். 'வன்னியான்' என்றுதான் கூப்பிட்டோம். 2006 ஓகஸ்ட் முதல் கிழமை தாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சோடி உடுப்போடு போனான். 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை மூடியது. அவனுடைய கொப்பிகள் என்னிடம் இருந்தன. அவன் திரும்பி வரவில்லை.

பிறகு நடந்ததைத் தாய் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கொரு ஆள் என்று இயக்கம் அவனைப் பிடித்துக்கொண்டு போனது. ஒருமுறை ஓடிவந்தான், திரும்பவும் பிடித்தார்கள். 2009 மேயில் வட்டுவாகல் தாண்டி வந்தபோது, இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் அறிவித்தது. அம்மா தன் கையாலேயே அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்தா. அதோடு சரி. இயக்கமும் இராணுவமும் மாறிமாறி ஒரு பொடியனைத் தின்றது இப்படித்தான்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டத்தில் குந்தியபோது அவவும் போய்க் குந்தினா. கையில் பிடிக்கப் படம் இல்லை. இருந்த படமெல்லாம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போய்விட்டன. என்னுடைய நம்பரை எப்படியோ எடுத்து, "தம்பி, பள்ளிக்கூடத்திலை எடுத்த படம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டா. 2004இல் எடுத்த வகுப்புப் படம் ஒன்றை ஒரு நண்பன் குழுவில் போட்டிருந்தான். அதில் அவனை மட்டும் வெட்டிப் பெருப்பித்து அனுப்பினேன். அம்மாவின் கையில் இருக்கும் அந்தப் படத்தின் ஓரத்தில் வெள்ளைச் சேர்ட்டோடு அரைத் தோள் ஒன்று தெரியும். அது நான்.

இதே வகுப்புப் படத்தைத்தான் இந்தமுறை விழாப் பதாகையில் பெரிதாக அடிக்கிறார்கள். அதைக் கண்ட பிறகுதான் குழுவில் இரண்டு விசயம் கேட்டேன். ஒன்று, விழாவில் இடாப்பின்படி 42 பெயரையும் வாசியுங்கள். இரண்டு, பாசிக்குடாவுக்கு எப்படியும் ஏ-9ஆல் கிளிநொச்சி தாண்டித்தான் போகிறீர்கள். அம்மாவின் வீடு ரோட்டிலிருந்து நடக்கிற தூரம். அரை மணித்தியாலம் பஸ்சை நிற்பாட்டி அவவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஒரு நாள் முழுக்க ஒருவரும் பேசவில்லை. 'குட்மோர்ணிங்' பூப் படங்கள் மட்டும் வந்தன. பிறகு பதில் வந்தது. "மச்சான், அரசியல் வேண்டாம். இது சந்தோசமான விசயம்." இன்னொருவன்: "பஸ்சிலை பிள்ளையள் களைச்சுப் போங்கள், நேரம் காணாது." மூன்றாமவன், நல்லவன், ஒருவரோடும் சண்டைக்குப் போகாதவன், அவன் எழுதினான்: "அவன் ஏ.எல் எடுக்கேல்லைத்தானே மச்சான்."

உண்மைதான். அவன் ஏ.எல் எடுக்கவில்லை.

அரசியல் வேண்டாம் என்கிறவர்களின் பயண நிரலைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் நிற்கும்போது ஒருநாள் மத்தியானச் சாப்பாடு காங்கேசன்துறைக் கடற்கரையில், இராணுவம் கட்டித் திறந்த விடுதியில். 'வியூ நல்லாயிருக்கும்' என்று எழுதியிருக்கிறது. எங்கள் இடாப்பில் இரண்டு பேர், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களும் குழுவில் இல்லை. அந்த விடுதியில் மீன் பொரியல் சாப்பிடுவது அரசியல் இல்லை. ஒரு தாயின் வீட்டு வாசலில் அரை மணித்தியாலம் நிற்பதுதான் அரசியல்! இப்படியொரு அரசியல் அகராதியை எங்கே படித்தீர்கள் நண்பர்களே? நானும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன்.

'கஷ்டப்பட்டு உழைக்கிற சனம் வருசத்தில் நாலு நாள் எல்லாவற்றையும் மறந்து சிரிக்கக் கூடாதா' என்று கேட்கிறார்கள். சிரியுங்கள். நான் சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மறப்பதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? கன்கூனிலேயே நின்றிருக்கலாமே. நினைவுகளைத் தேடிப் போகிறோம் என்று பதாகை கட்டிக்கொண்டு, நினைவில் பாதியைப் பஸ்சுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போவதைத்தான் கேட்கிறேன்.

1988இல் ஜெர்மனியில் தொடங்கிய இலக்கியச் சந்திப்பைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களும் கோப்பை கழுவியவர்கள்தான். வாடகை மண்டபத்தில் சோறு காய்ச்சி, நிலத்தில் படுத்து, விடியவிடியச் சண்டை பிடித்தார்களாம். ஆளையாள் மன்னிக்காத சண்டைகள். இருந்தாலும் கொல்லப்பட்டவர்களின் பெயரைச் சொல்லித்தான் சண்டை பிடித்தார்கள். எங்கள் தலைமுறைக்குச் சண்டையும் இல்லை, பெயரும் இல்லை, ஒரே நிறத்தில் ரி-சேர்ட் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குத் திறன் வகுப்பறை ஒன்று கட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல விசயம், பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படும். அதன் சுவரில் காசு கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்படும். எவ்வளவு கொடுத்தார்கள் என்ற ஒழுங்கில். அகர வரிசையில்கூட இல்லை.

நான் போகவில்லை. லீவு பிரச்சினையில்லை, ஓகஸ்டில் முதலாளி மூன்று கிழமை கடையைப் பூட்டுவார். அகதிக்குப் பிரான்ஸ் கொடுக்கிற பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லாது. அதைச் சொன்னபோது, "நீ இன்னும் சிற்றிசன் எடுக்கேல்லையா?" என்று கேட்டார்கள், குளித்தாயா என்று கேட்கிற மாதிரி. பல்கலைக்கழகத்தில் முதல் வருடத்தையே முடிக்காமல் ஏன் ஓடிவந்தேன் என்று அதே ஆட்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

பஸ் போகிற நாளையும், காலையில் எத்தனை மணிக்குக் கிளிநொச்சியைத் தாண்டும் என்பதையும் அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிவிட்டேன். நிற்பாட்டுவார்கள் என்று நான் சொல்லவில்லை. போகிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன். அவவுக்கு அது விளங்கவில்லை. படத்தோடு ரோட்டுக் கரைக்கு வந்து நிற்கிறாவாம். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்கு மிஸ்ட் கோல் அடிக்கிறா, இளநி வெட்டி வைக்க வேண்டும், எத்தனை பேர் என்று கேட்டு. பொடியளின் பெண்சாதிமாரும் பிள்ளைகளும் வருவினமோ, சின்னனுகள் இளநி குடிக்குங்களோ, சோடா வாங்கி வைக்கட்டோ என்று கேட்கிறா.

இருபத்து மூன்று பேர் என்று சொல்லியிருக்கிறேன்.