தொடரை அணைத்துவிட்டால் தீர்ந்ததா?



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. தொலைக்காட்சித் தொடர்களால் நம் பெண்கள் கெடுகிறார்கள், பிள்ளைகள் படிப்பதில்லை. ஆகவே இரவு ஏழு முதல் பத்து மணி வரை உறுப்பினர்கள் தங்கள் வீடுகளில் தொடர் ஓடவிடக் கூடாது என்று. கை தூக்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். நானும் தூக்கினேன். அது தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் சொன்னபோது என் துணைவியார் மாவு வழித்துக்கொண்டிருந்தார். தாராவியில் இட்லி போடும் வீடுகளில் எத்தனை மணிக்கு அடுப்பு பற்றுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். "மூணு மணிக்கு எந்திரிக்கிறேன். நான் உட்காருறது அந்த அரை மணி நேரந்தான், அதுவும் வெங்காயம் உரிச்சுக்கிட்டே. ஞாயித்துக்கிழமை பூரா கிரிக்கெட் பாக்குறீங்களே, அதுக்கும் தீர்மானம் போட்டாச்சா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அப்படியானால் தொடர்கள் நல்லவையா? இல்லை. 2000 ஜூலையில் ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கி 2008 நவம்பர் வரை ஓடிய ஹிந்தித் தொடரின் பெயருக்கே 'மாமியாரும் ஒரு காலத்தில் மருமகள்தானே' என்று பொருள். பெயர் உண்மையைச் சொல்கிறது. ஆனால் அந்த மருமகளை மாமியாராக மாற்றியது எது என்று கதை கேட்பதில்லை. தமிழிலும் பெரும்பாலும் இதே கதைதான். சொத்து ஆண்கள் பெயரில். சாவிக்கொத்துக்குச் சண்டை பெண்களுக்குள். வில்லியும் பெண், அழுகிறவளும் பெண், கணவன் மட்டும் ஒன்றுமறியாத அப்பாவி! அந்த மாளிகையில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும் வேலைக்காரிக்குப் பேச ஒரு வசனம் கிடையாது. மாட்டுங்காவில் பாத்திரம் தேய்க்கும் நம் சகோதரிகள் வீடு திரும்பிப் பார்ப்பதும் அதே மாளிகையைத்தான். இதைப் பற்றித்தான் சங்கம் பேசியிருக்க வேண்டும்.

இது புதிய சங்கதியும் அல்ல. 1984 ஜூலையில் தூர்தர்ஷன் 'ஹம் லோக்' தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்ணின் நிலை ஆகியவற்றை மக்களுக்கு எடுத்துச் சொல்வது நோக்கம். குடிகாரக் கணவனிடமும் மாமியாரிடமும் படாத பாடு படும் பாகவந்தி என்ற தாயை, 'இப்படி வாழலாமா?' என்று கேட்கவே படைத்தார்கள். பார்த்தவர்களில் பலர் அவளுடைய பொறுமையைப் பாராட்டி, பெண் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எடுத்துக்கொண்டதாகப் பின்னால் ஆய்வாளர்கள் கண்டார்கள். கதையைக் கதாசிரியர் மட்டும் எழுதுவதில்லை, தோழர்களே. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் என்ன சொல்கிறார் என்பதும் அதில் சேருகிறது. நம்மில் எத்தனை பேர் உட்காருகிறோம்? கேலி செய்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறோம்.

அடுத்த ஆண்டே, 1985இல், அதே தூர்தர்ஷனில் 'ரஜனி' வந்தது. காஸ் சிலிண்டர் கொடுப்பவன் ஏமாற்றினால் தட்டிக் கேட்கும் குடும்பப் பெண். ஆக, எடுக்க முடியாத கதை அல்ல, எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

என் வீட்டில் இப்போது நானும் உட்காருகிறேன், வெங்காயத்தில் பாதி என் பங்கு. தொடரில் மாமியார் மருமகளை அறையும்போது, "இந்த வீடு யார் பேர்ல இருக்கு?" என்று என் மகள் கேட்டாள். துணைவியார் என்னைப் பார்த்தார். எங்கள் பத்து அடிக்குப் பன்னிரண்டு அடி அறையும் என் பெயரில்தான் இருக்கிறது.

கூட்டங்களை இரவு எட்டு மணிக்கு வைத்தால் சமைக்கிறவர்கள் வர முடியாது. அடுத்த கூட்டத்தை ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வைக்குமாறு செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண்கள் வரட்டும். அந்தத் தீர்மானத்தை அவர்கள் முன்னிலையில் மறுபடி வாக்குக்கு விடுவோம்.