மைதானத்தை மாற்றலாமா?

பழைய வீடு ஒழுகுகிறது. ஓட்டை மாற்றிக் கொண்டு அங்கேயே இருப்பதா? அல்லது ஊருக்கு வெளியே புது வீடு கட்டிக் கொண்டு போவதா?

இந்தக் கேள்வி வராத குடும்பம் இல்லை. தாத்தா ஒன்று சொல்வார். பேரன் வேறொன்று சொல்வான். அம்மா மட்டும், "அங்கே தண்ணீர் வசதி உண்டா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?" என்று கேட்பாள்.

கால்பந்து மைதானத்துக்கும் இதே கேள்வி வருகிறது. பழைய மைதானத்தைப் புதுப்பிப்பதா? புது இடத்துக்குப் போவதா? உலகம் முழுவதும் ரசிகர்கள் இதைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். நம் விருத்தாசலத்து டீக்கடையிலும் இந்தச் சண்டை நடந்தது!

மாமாவும் மருமகனும்

மாமா பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறவர். கொலு பொம்மைக்கு அச்சு வார்ப்பது அவர் தொழில். மருமகன் அவருடைய அக்காள் மகன். சீமைக் கால்பந்து ஆட்டங்களைச் செல்போனில் பார்க்கிறவன்.

"மாமா, இதைப் பாருங்க! எவர்ட்டன் கிளப் ஆற்றங்கரையில் புது மைதானம் கட்டியிருக்காங்க. 52 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம்!" என்றான் மருமகன்.

"பழைய மைதானம் என்னடா ஆச்சு?"

"அதில் மரப் பலகை நாற்காலிதான் மாமா. தூண் வேறு மறைக்கும்."

"எத்தனை வருஷம் அதில் ஆடினாங்க?"

"133 வருஷம்."

மாமா டீயைக் கீழே வைத்தார். "நம்ம பழைய வீட்டை இடிச்ச அன்னிக்கு உங்க அம்மா அழுதாளே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா, இப்ப மழை பெய்தால் அம்மா சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டியதில்லையே!"

மாமா பதில் சொல்லவில்லை. மருமகனும் மேலே பேசவில்லை.

இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால், இருவரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "போகலாமா, இருக்கலாமா என்று முடிவு செய்வது யார்?" என்பதே அந்தக் கேள்வி.

ஒரு நகரம், இரண்டு வழி

எவர்ட்டன் கிளப் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்தது. அதன் கதை வேடிக்கையானது.

ஒரு காலத்தில் எவர்ட்டன் ஆடிய மைதானம் ஆன்ஃபீல்டு. இடத்துக்குச் சொந்தக்காரரோடு வாடகைத் தகராறு வந்தது. 1892-ல் எவர்ட்டன் மூட்டை கட்டிக் கொண்டு கூடிசன் பார்க் என்ற இடத்துக்குப் போய்விட்டது. காலி மைதானத்தை வைத்துக் கொண்டு சொந்தக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அவரே ஒரு புது கிளப்பைத் தொடங்கி விட்டார். அதுதான் இன்று உலகப் புகழ் பெற்ற லிவர்பூல் கிளப்!

இப்படி ஒரு வாடகைச் சண்டையில் இரண்டு கிளப்புகள் உண்டாயின. பின்னால் இரண்டுக்குமே இடம் போதவில்லை.

லிவர்பூல் கிளப் பக்கத்துப் பூங்காவில் புது மைதானம் கட்டத் திட்டம் போட்டது. 2012-ல் அதைக் கைவிட்டது. பழைய ஆன்ஃபீல்டையே பெரிதாக்கியது. இன்று அங்கே 60 ஆயிரம் பேருக்கு மேல் உட்காருகிறார்கள்.

எவர்ட்டனோ வேறு வழியில் போயிற்று. முதலில் நகர எல்லையைத் தாண்டி கிர்க்பி என்ற இடத்துக்குப் போக நினைத்தது. 2007-ல் ரசிகர்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. 100-க்கு 59 பேர் "போகலாம்" என்றார்கள். மற்றவர்கள் "கூடாது" என்றார்கள். ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, மகன் ஒரு கட்சி! 2009-ல் அரசாங்கம் அனுமதி மறுத்தது. பிறகு நகரத்துக்குள்ளேயே, பழைய கப்பல் துறையில் இடம் கிடைத்தது. 2025 மே மாதம் கூடிசன் பார்க்கில் ஆண்கள் கடைசி ஆட்டம் ஆடினார்கள். வயதானவர்கள் குழந்தையைப் போல் அழுதார்கள்.

ஆனால், கூடிசன் பார்க்கை இடிக்கவில்லை. அதைப் பெண்கள் கோஷ்டிக்குக் கொடுத்து விட்டார்கள். அங்கே இன்றும் பந்து உருள்கிறது. இது நல்ல முடிவு அல்லவா?

புதுப்பிப்பதிலும் கஷ்டம் உண்டு

"அப்படியானால் இருக்கிற இடத்திலேயே புதுப்பிப்பதுதான் நல்லது" என்று அவசரப்பட்டுச் சொல்லி விடக் கூடாது.

ஆன்ஃபீல்டைப் பெரிதாக்க, சுற்றிலும் இருந்த வீடுகளை வாங்க வேண்டியிருந்தது. வாங்கிய வீடுகள் பல வருஷம் பூட்டிக் கிடந்தன. தெருவே பாழடைந்தது. அங்கே குடியிருந்த குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா கிளப்பும் தன் பழைய மைதானத்தையே புதுப்பித்தது. அதற்காக 2023-ல் வேறு மைதானத்துக்குக் குடி போனது. திரும்பி வர 2025 நவம்பர் ஆகி விட்டது.

பதினாறு உயிர்

சில சமயம் இடம் மாறித்தான் ஆக வேண்டும். கல்கத்தாவைப் பாருங்கள்.

அங்கே மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதினால் ஊரே இரண்டாகப் பிரியும். 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் தோட்டத்தில் இந்தப் பந்தயம் நடந்தது. ரசிகர்களுக்குள் கலவரம் மூண்டது. கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டது. 16 ரசிகர்கள் இறந்து போனார்கள். ஆட்டம் பார்க்கப் போன பிள்ளை வீடு திரும்பவில்லை. அந்தத் தாய்மாரிடம் போய்ப் பழைய மைதானத்தின் பெருமையைப் பேச முடியுமா?

1984-ல் சால்ட் லேக் என்ற இடத்தில் பெரிய ஸ்டேடியம் திறக்கப்பட்டது. பெரிய பந்தயங்கள் அங்கே போயின. 1997 ஜூலையில் இந்த இரண்டு கோஷ்டிகளின் ஆட்டத்தைப் பார்க்க அங்கே 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் கூடினார்கள்!

ஆனால், இந்த கிளப்புகள் நகரத்தின் நடுவே உள்ள தங்கள் பழைய மைதானங்களை விட்டு விடவில்லை. பெரிய ஆட்டத்துக்குப் புது இடம். பழகுவதற்கும் சிறு ஆட்டத்துக்கும் பழைய இடம். கல்கத்தாக்காரர்கள் இரண்டையும் வைத்துக் கொண்டார்கள்.

ரசிகனை விட்டுப் போன கிளப்

இனி ஒரு சோகக் கதை. லண்டனில் விம்பிள்டன் என்று ஒரு கிளப் இருந்தது. பழைய மைதானம் புதிய பாதுகாப்புச் சட்டத்துக்கு ஏற்றதாக இல்லை என்று 1991-ல் அதை விட்டது. பத்து வருஷத்துக்கு மேல் வேறொரு கிளப்பின் மைதானத்தில் ஒண்டுக் குடித்தனம்! கடைசியில் சுமார் 90 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குப் போக முடிவு செய்தது. விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குப் போவதை விட அதிக தூரம்!

ரசிகர்கள் கெஞ்சினார்கள், கூச்சல் போட்டார்கள். முதலாளிகள் கேட்கவில்லை. 2002-ல் அனுமதியும் கிடைத்து விட்டது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் கைக்காசைப் போட்டுப் புது கிளப் தொடங்கினார்கள். பொது வெளியில் பையன்களைக் கூப்பிட்டு ஆட விட்டு, ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அடிமட்டப் போட்டிகளில் ஆடிப் படிப்படியாக மேலே வந்தார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய தெருவிலேயே, பழைய மைதானத்துக்கு அருகிலேயே, புது மைதானம் கட்டிக் குடியேறினார்கள்.

கிளப்பின் முதலாளி போகலாம். ஆட்டக்காரன் போகலாம். ரசிகன் இருக்கும் இடத்தில்தான் கிளப் இருக்கிறது!

நம் சென்னை மைதானம்

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நம் சென்னை நேரு ஸ்டேடியத்தைப் பாருங்கள்.

பழைய நாளில் அது கார்ப்பரேஷன் ஸ்டேடியம். சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட் கிரிக்கெட் 1956-ல் அங்கே குடி போனது. அந்த வருஷம் ஜனவரியில் வினு மங்கட்டும் பங்கஜ் ராயும் சேர்ந்து 413 ரன் குவித்தது அங்கேதான். 1967-ல் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்கே திரும்பி விட்டது.

கார்ப்பரேஷன் ஸ்டேடியம் கைவிடப்படவில்லை. 1993-ல் அது கால்பந்துக்காகப் புதுப்பிக்கப்பட்டது. அதே வருஷம் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டி அங்கே நடந்தது. 2014-ல் தொடங்கிய 'சென்னையின்' கால்பந்து கிளப்புக்கும் அதுவே வீடு ஆயிற்று. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. கிளப் தன் அரை இறுதி ஆட்டத்தைப் புனா நகரத்தில் போய் ஆடியது. ஆட்டத்தில் 3 கோல் போட்டு ஜெயித்தது. ஆனால், சொந்த ஊர் ரசிகர்கள் அதை நேரில் பார்க்க முடியவில்லை!

அந்த மைதானத்தின் பெரிய பெருமை எது? மேற்கூரையா? விளக்கா? இல்லை. அது இருக்கும் இடம்!

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறுகிற பையன் எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து நடந்தே ஸ்டேடியத்துக்குப் போகலாம். ஆட்டோவுக்குக் காசு வேண்டாம். இதே மைதானம் நகரத்துக்கு வெளியே 30 கிலோ மீட்டரில் இருந்தால் அவன் போவானா? ஆட்டம் முடிந்து இரவில் எப்படித் திரும்புவான்? வீட்டில்தான் விடுவார்களா?

சூளைக்கு முன்னால்

டீக்கடையில் மாமா கடைசியாக ஒன்று சொன்னார். மருமகன் மட்டுமல்ல, எல்லோரும் கேட்க வேண்டிய பேச்சு அது.

"எங்க தொழிலில் ஒரு விதி உண்டு. பொம்மையில் மூக்கு கோணலாக இருக்கிறதா? சூளைக்குப் போகுமுன் சொல்லு. தண்ணீரில் போட்டுக் கரைத்து மறுபடி வார்த்து விடலாம். சூளையில் வெந்த பிறகு சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. உடைக்கத்தான் முடியும்."

எவ்வளவு சரியான பேச்சு! மைதானம் விஷயமும் இப்படித்தான். கல்லும் சிமெண்டும் விழுந்த பிறகு ரசிகனைக் கேட்டு என்ன பயன்? களிமண் ஈரமாக இருக்கும்போதே கேட்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்? மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: பழைய மைதானத்தால் உயிருக்கு ஆபத்தா? ஆபத்து என்றால் உடனே சரி செய்ய வேண்டும். சரி செய்ய முடியாது என்றால் மாற வேண்டும். பதினாறு உயிருக்குப் பிறகு விழித்துக் கொள்வது கூடாது.

இரண்டாவது கேள்வி: நடந்து வருகிறவன், ரயிலில் வருகிறவன், பஸ்ஸில் வருகிறவன் புது இடத்துக்கு வர முடியுமா? அவனால் டிக்கெட் வாங்க முடியுமா? கடன் வாங்கிப் பெரிய மைதானம் கட்டினால், அந்தக் கடனில் ஒரு பங்கு டிக்கெட் விலையில்தான் வந்து விடியும்.

மூன்றாவது கேள்வி: பழைய இடம் யாருக்கு? பிள்ளைகள் விளையாடவா? கடை கட்டி வாடகைக்கு விடவா?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். பதில் கிடைக்காவிட்டால் இருக்கிற இடத்தைப் புதுப்பிப்பதே மேல்.

நம் பிள்ளைகளுக்காக

இது பெரிய நகரத்துக்கு மட்டும் உள்ள பேச்சு அல்ல. சிற்றூரிலும் மைதானம் உண்டு. அதன் மேல் ஒரு கட்டடம் எழுப்ப யோசனை வரும். "ஊருக்கு வெளியே இதை விடப் பெரிய மைதானம் தருகிறோம்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால், மாலையில் அங்கே யார் போவார்கள்? சைக்கிள் உள்ள பையன் போவான். பெண் பிள்ளை போவாளா? "இருட்டி விடும், வேண்டாம்" என்று தாய் சொல்லி விடுவாள். தாய் மேல் குற்றமில்லை. தூரத்தின் மேல்தான் குற்றம்.

தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியக் கால்பந்துப் பட்டத்தை 2018-லும் 2023-லும் ஜெயித்து வந்தார்கள். இந்தியாவுக்காக ஆடிய இந்துமதி கதிரேசன் நம் கடலூரைச் சேர்ந்த பெண். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் இருந்தால் இன்னும் எத்தனை இந்துமதிகள் வருவார்கள்!

இடம் மாறுவது என்றால் என்ன என்று நம் வட்டாரத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நெய்வேலிச் சுரங்கத்துக்காக வீடு வாசலை விட்டு வந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. நாட்டுக்கு வெளிச்சம் வந்தது உண்மை. வீட்டை விட்ட வலியும் உண்மை. ஆகவே, மாற்றத்தை வெறுக்கவும் வேண்டாம். கண்ணை மூடிக் கொண்டு கும்பிடவும் வேண்டாம்.

உங்கள் ஊர் மைதானத்தைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தால், அது கூட்டத்தில் முடிவாகும் வரை காத்திருக்காதீர்கள். முன்னாலேயே போய் அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். தாய்மாரும் போய்க் கேட்க வேண்டும்.

களிமண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. சூளை மூட்டு முன் பேசுங்கள்!