ஆற்றின் போக்கும் சொல்லின் போக்கும்

திருவரங்கம் என்னும் பெயரே ஆற்றின் கொடை. காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவி ஓட, இடையே அமைந்த நிலத்தை ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் எனத் தமிழர் பல சொற்களால் வழங்கினர். அத்தகைய மொழிக்கு உரியோர், அதே ஆற்றில் பல்லாண்டுகளாக நிகழும் மாற்றத்தைக் கூறுமிடத்து இன்று 'லாங் டேர்ம் ட்ரெண்ட்' என்கின்றனர். இரண்டு நாள் கைப்பேசியில் பரவி மறையும் பாடலும் அவர்களுக்கு 'ட்ரெண்ட்'. தலைமுறைகளைக் கடந்து ஆற்றுப்படுகை அடையும் மாற்றமும் 'ட்ரெண்ட்'. இரண்டிற்கும் ஒரே சொல் வழங்கும்போது வேறுபாடு மங்குகிறது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் சரிவு மிக்கது. ஆதலால் நீர் அதன்வழியே மிகுதியாகப் பாய்ந்தது. காவிரியின் படுகையோ வண்டல் படிந்து மேடிட்டு வந்தது. தஞ்சை வயல்களுக்குச் செல்லும் நீர் குறைந்துகொண்டே போனது. இதனைத் தடுக்கவே 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையை அமைத்தார்.

'மேடிட்டது' என்றால் செயல் முடிந்துவிட்டது. 'மேடிட்டு வந்தது' என்றால் காலம் நீள்கிறது. 'குறைந்தது' என்பது ஒரு செய்தி. 'குறைந்துகொண்டே போனது' என்பது ஒரு வரலாறு. நெடுங்கால மாற்றத்தை உணர்த்தும் ஆற்றல் தமிழின் துணைவினைகளிலேயே அமைந்துள்ளது. நாளடைவில், வழிவழியாக, போக்கு முதலிய சொற்களும் உள்ளன. திருவரங்கக் கோயிலின் நெடுங்கால நிகழ்வுகளைத் தொகுத்துரைக்கும் நூலுக்குக் 'கோயிலொழுகு' என்றே பெயர்.

ஆய்வுக்கு உலகப் பொதுச்சொற்கள் தேவை என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. பிறமொழிச் சொல்லைத் தமிழ் வெறுத்ததும் இல்லை. இயற்சொல், திரிசொல், திசைச்சொல் ஆகியவற்றோடு வடசொல்லுக்கும் தொல்காப்பியம் இடமளித்தது. ஆனால், புதிய பொருளோடு வரும் சொல்லை ஏற்பது வேறு. இருக்கும் சொல்லைக் கைவிட்டு, பொருள் தெளிவற்ற ஒன்றைக் கடன் வாங்குவது வேறு.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. ஆறும் அணையும் காலப்போக்கில் எவ்வாறு மாறி வருகின்றன என்பதை அறியும் உரிமை பொறியாளருக்கு மட்டும் உரியதன்று. கரையில் வாழ்வோருக்கும் கடைமடை உழவருக்கும் அது உண்டு. அம்மாற்றத்தை விளக்கும் அறிக்கை அவர்கள் அறியாத தொடர்களால் நிறைந்திருப்பின், அவர்களால் அதைக் குறித்து வினவ இயலாது. சொல்லை இழப்பவர் வினவும் உரிமையையும் இழக்கின்றனர்.

எனவே, அறிக்கை எழுதுவோர் தேவையான இடத்தில் ஆங்கிலக் கலைச்சொல்லை ஒருமுறை சுட்டலாம். விளக்கம் முழுவதும் தமிழில் அமைதல் வேண்டும். 'ஆறு தூர்ந்து வருகிறது' என்னும் தொடர் உழவருக்கும் விளங்கும், பொறியாளருக்கும் விளங்கும். அப்போதுதான் இருவரும் ஒரே ஆற்றைப் பற்றிப் பேச முடியும்.