படிக்காமல் போட்ட கையெழுத்து

1/ டாக்டர் எதுக்கு கம்ப்யூட்டர் பத்தி எழுதுறார்னு தோணும். என் தப்பிலிருந்து ஆரம்பிக்கிற கதை இது. கடைசி வரை படிங்க நண்பர்களே.

2/ 2025ல் க்ளாட் கோட், கோடெக்ஸ் சிஎல்ஐ, ஜெமினி சிஎல்ஐ என்று வரிசையாக ஏஐ உதவியாளர்கள் வந்தன. டெர்மினல் எனும் கறுப்புத் திரையில் ஓடுபவை. என்ன வேணும்னு நாம எழுதினா போதும். நம் கணினியில் உள்ள கோப்புகளைத் திறந்து படிக்கும், ப்ரோக்ராம் எழுதும், ஓட்டியும் பார்க்கும்.

3/ நிறுவுவது கம்பசூத்திரம் இல்லை. அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ தளத்தில் உள்ள ஒரு வரிக் கட்டளையை எடுத்து டெர்மினலில் ஒட்டி என்டர் தட்டணும். சில முறைகளுக்கு முதலில் நோட் ஜேஎஸ் போட வேண்டியிருக்கும். பிறகு லாகின். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய கட்டளையை மட்டும் ஒட்டாதீங்க. யார் எழுதியதுன்னே தெரியாத சீட்டுக்கு மாத்திரை வாங்குவீங்களா?

4/ சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகள் மறுபடி வர வேண்டிய தேதிகளைப் பட்டியலிட எனக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் தேவைப்பட்டது. நோயாளிகளின் எக்செல் கோப்பு இருந்த ஃபோல்டரிலேயே உதவியாளரைத் திறந்தேன். "இந்தக் கட்டளையை ஓட்டலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டது. நானும் ஆமா, ஆமா, ஆமான்னு தட்டிக்கிட்டே போனேன்.

5/ அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சந்தோஷமா மேலே ஸ்க்ரோல் பண்ணினா, திரையில் என் நோயாளிகளின் பெயர், போன் நம்பர், சர்க்கரை அளவு!

உதவியாளர் ஓடுவது நம் கணினியில்தான். ஆனால் யோசிக்கும் மாடல் இருப்பது அந்த நிறுவனத்தின் சர்வரில். அது படித்த வரிகள் அங்கே போய்த்தான் பதில் வருகிறது.

6/ பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், ஒப்புதல் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்து போடுபவர்களிடம் "படிச்சுட்டு போடுங்கம்மா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவங்க தங்கள் உடம்புக்குப் போட்டாங்க. நான் அடுத்தவங்க ரகசியத்துக்குப் போட்டிருக்கேன்.

7/ இந்தக் கேள்விகள் தொல்லைன்னு முழுசா அணைத்து வைப்பவர்களும் உண்டு. க்ளாட் கோடில் அதற்கான கட்டளையின் பெயரிலேயே "ஆபத்தான முறையில்" என்ற பொருள்படும் சொல் இருக்கு. செய்தவர்களே எச்சரிக்கும்போது நமக்கென்ன அவசரம்?

8/ இப்போ நான் செய்வது:

👉 புதுசா ஒரு காலி ஃபோல்டர். அதில் மட்டும் உதவியாளரைத் திறப்பேன்.

👉 கற்பனைப் பெயர்கள் போட்ட 10 வரி மாதிரிக் கோப்பைக் கொடுப்பேன். ப்ரோக்ராம் தயாரானதும் உதவியாளரை மூடிவிட்டு, உண்மைக் கோப்பில் நானே ஓட்டுவேன்.

👉 முக்கியக் கோப்புகளுக்கு முன்கூட்டியே பேக்கப்.

👉 நம் உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்ற அமைப்பை முதல் நாளே பார்த்துடணும்.

👉 அனுமதி கேட்டால் படிப்பேன். புரியலைன்னா "இது என்ன செய்யும்?"னு அதையே கேட்பேன்.

9/ அப்போ இது வேண்டாமா? கண்டிப்பா வேணும். ப்ரோக்ராமரைத் தேடி அலைய முடியாத சின்ன கிளினிக், பள்ளிக்கூடம், மளிகைக்கடை எல்லாருக்கும் இது பெரிய கை. என் கருத்து ஒன்றுதான்: நிறுவுவது பத்து நிமிடம், எந்தக் கதவைத் திறந்து விடுறோம்னு முடிவு பண்றதுதான் உண்மையான செட்டப். உங்க கடை வாடிக்கையாளர் கணக்கு, மாணவர் பட்டியல் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

10/ அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் வரும்போது நேரிலேயே நடந்ததைச் சொல்லி வர்றேன். ஒரு பெரியவர் "அதனாலென்ன டாக்டர், பரவாயில்ல" என்றார்.

அவருக்குப் பரவாயில்லை. என்னை நம்பிச் சொன்னவர் அவர். எனக்குப் பரவாயில்லைன்னு இருக்க முடியலை.

படிச்சுட்டு ஆமா சொல்லுங்க.