தட்டு முறமாகும்!

கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பையன், வீட்டுத் தொட்டியில் வளர்க்கத் திருக்கை மீன் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். கடல் மீன் நம் வீட்டில் பிழைக்குமா? வாங்கலாமா?"

பிழைக்கும், அம்மணி. இது கடல் திருக்கை அல்ல. தென் அமெரிக்காவில் அமேஸான் முதலிய ஆறுகளில் வாழும் நன்னீர்த் திருக்கை. ஆனால், 'வாங்கலாமா?' என்ற கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கடையில் பார்க்கும்போது காப்பி டம்ளருக்கு அடியில் வைக்கும் தட்டு மாதிரி, பொட்டும் புள்ளியுமாக அழகாகத்தான் இருக்கும். வளர்ந்தால் முறம் அளவு ஆகிவிடும்! ஒன்றரை அடிக் குறுக்களவுள்ள மீன் சௌகரியமாகத் திரும்ப, எட்டடி நீளமும் நாலடி அகலமும் உள்ள தொட்டி வேண்டும். இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் சுமார் 1800 லிட்டர். அதாவது 1800 கிலோ பாரம். மாடி அறையில் வைக்க நினைக்கவே வேண்டாம்.

அடியில் நைஸான மணல் பரப்புங்கள். கூரான கல் வயிற்றைக் கிழித்துவிடும். மண்புழுவும் இறாலும் இதற்கு இஷ்டமான ஆகாரம். நிறையத் தின்னும், தண்ணீரும் சீக்கிரம் கெடும். அடிக்கடி ஒரு பகுதித் தண்ணீரை மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரானால் குளோரினைப் போக்கிய பிறகே விடவேண்டும். மின்சாரம் நின்றால் காற்றுப் பம்பை ஓட்ட பாட்டரி அவசியம்.

வாலில் விஷமுள் உண்டு. தானாக வந்து குத்தாது. கையால் பிடித்தாலோ மிதித்தாலோதான் அபாயம். ஆகவே குழந்தைகள் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. குத்திவிட்டால், தாங்கக்கூடிய வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இது முட்டையிடுவதில்லை, குட்டி போடும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் தொட்டி போதாது என்பது நிச்சயம்.

'பெரிதானால் குளத்தில் விட்டால் போயிற்று' என்று மட்டும் எண்ணாதீர்கள். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் யாரோ விட்ட திருக்கைகள் அங்கேயே குட்டி போட்டுப் பெருகிவிட்டன. நம் நொய்யல் குளங்களுக்கு அந்தக் கதி வேண்டாம்.

2022-இல் பனாமாவில் கூடிய சர்வதேச மாநாடு, ஏழு வகை நன்னீர்த் திருக்கைகளின் வர்த்தகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அத்தகைய உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆகவே என்ன வகை என்று கேட்டு, ரசீதும் வாங்கிக் கொள்ளுங்கள்.

இன்னொன்று: இந்த மீன் பத்து வருஷத்துக்கு மேலும் வாழக்கூடியது. பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு மண்புழு போடப் போவது யார்? நீங்கள்தான்! முதலில் ஒரு சிறு தொட்டியில் நாலு கப்பி மீன் வாங்கிக் கொடுங்கள். ஒரு வருஷம் அவனே தண்ணீர் மாற்றட்டும். பிறகு திருக்கையைப் பற்றிப் பேசலாம்.