ஆளில்லாத ஆணையங்கள்

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு மனு. ஊர்க் கண்மாயைத் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்த ஒப்பந்ததாரருக்குப் பணம் போனது, வேலையை அளந்து எழுதிய எம்-புக்கின் நகல் வேண்டும். கேள்வி அவ்வளவுதான். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அங்கும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. ஆர்டிஐ என்னும் தகவல் உரிமை மனு போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வழி மனப்பாடம். ஆனால் ஆணையம் எத்தனை நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் எங்கும் குறிப்பிடவில்லை. அதிகாரிகளுக்கெல்லாம் கெடு வைத்த சட்டம் கடைசிப் படியில் கெடு வைக்காமல் விட்டுவிட்டது. கண்மாய் மனு அங்கே போய்க் கிடக்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். அரசமைப்பிலேயே இடம்பெற்றவை: தேர்தல் ஆணையம், தலைமைக் கணக்குத் தணிக்கையர், தேர்வாணையம். சட்டத்தால் பிறந்தவை: மனித உரிமை ஆணையம், தகவல் ஆணையம், பசுமைத் தீர்ப்பாயம். சந்தையை ஒழுங்குபடுத்துபவை: செபி, டிராய். வெறும் அமைச்சரவைத் தீர்மானத்தால் வந்தவை: 1950இன் திட்டக்குழு, அதன் இடத்தில் 2015இல் வந்த நிதி ஆயோக். இந்தப் பட்டியல் தேர்வுக்குப் போதும். குடிமக்களுக்கு இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவர்களை நியமிப்பது யார்? நீக்கக்கூடியவர் யார்? சம்பளத்தையும் பதவிக்காலத்தையும் தீர்மானிப்பவர் யார்?

அரசமைப்பை எழுதியவர்கள் இந்தக் கேள்விகளின் எடையை அறிந்திருந்தார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையரை, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் மட்டுமே நீக்க முடியும். பதவியில் இருக்கும்போது அவருக்குப் பாதகமாகச் சம்பளத்தை மாற்றக் கூடாது. ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு பதவி ஏற்கவும் கூடாது. பிரிவு 148 இவ்வளவு காப்புகளையும் அவருக்குத் தருகிறது. இனி எந்த நாற்காலிக்கும் ஆசைப்பட முடியாதவர்தான் ஆள்பவரின் கணக்கில் துணிந்து சிவப்பு மையால் கோடு போடுவார் என்பது அவர்களின் கணிப்பு. தேர்தல் ஆணையர்களுக்கு இந்த ஓய்வுக்குப் பிந்தைய தடை இல்லை. அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இந்தியத் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஏற்பாட்டைச் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம் அவருடைய இடத்தில் பிரதமர் நியமிக்கும் ஓர் அமைச்சரை உட்கார வைத்தது. மூவர் குழுவில் இப்போது பிரதமர், அமைச்சர் என இருவர் ஆளுந்தரப்பு. எதிர்க்கட்சித் தலைவரின் மறுப்பு கோப்பில் ஒரு குறிப்பாக நிற்கலாம், முடிவை மாற்றாது.

அரசமைப்புப் பதவிக்கே இந்த நிலை என்றால் சட்டத்தால் பிறந்த அமைப்புகள் இன்னும் எளிதில் வளைக்கக்கூடியவை. நாடாளுமன்றம் கொடுத்ததை நாடாளுமன்றமே சாதாரணப் பெரும்பான்மையில் எடுத்துக்கொள்ளலாம். தகவல் ஆணையர்களுக்கு ஐந்தாண்டு பதவிக்காலம், தலைமைத் தகவல் ஆணையருக்குத் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு நிகரான சம்பளம் என்று 2005இன் சட்டம் தன் உடலிலேயே எழுதி வைத்திருந்தது. 2019இன் திருத்தம் இரண்டையும் மத்திய அரசின் விதிகளுக்கு மாற்றியது, மாநில ஆணையர்களுக்கும் சேர்த்தே. அந்த ஆண்டு வந்த விதிகள் ஐந்தாண்டை மூன்றாகக் குறைத்தன. தகவல் ஆணையர் ஒரு நீதிபதியைப் போல இரு தரப்பையும் விசாரிப்பவர். சாட்சியை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம், தகவலை மறைத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்கலாம். அவர் முன்னால் அடிக்கடி எதிர்த்தரப்பாக நிற்பது அரசு. அந்த அரசே அவருடைய சம்பளத்தையும் பதவிக்காலத்தையும் தீர்மானிக்கலாமா? கூடாது என்பதே நம் உறுதியான கருத்து.

இதைவிடவும் சத்தமில்லாத வழி ஒன்று உண்டு: ஆளைப் போடாமல் விட்டுவிடுவது. ஓர் ஆணையத்தை ஒழிக்க மசோதா கொண்டுவந்தால் அவையில் கூச்சல் எழும், தெருவில் போராட்டம் நடக்கும். பதவியை நிரப்பாமல் வைத்திருந்தால் கேள்வி கேட்கக்கூட ஒரு தேதி கிடைக்காது. ஜார்க்கண்ட் மாநிலத் தகவல் ஆணையம் 2020 மே மாதத்திலிருந்து ஆணையர் ஒருவர்கூட இல்லாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக்பாலுக்கான சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, முதல் லோக்பால் பொறுப்பேற்றது 2019 மார்ச்சில். தமிழ்நாட்டிலும் பாருங்கள், இங்கே தள்ளிப்போனது தேர்தலே. உள்ளாட்சித் தேர்தலை நடத்தும் மாநிலத் தேர்தல் ஆணையம் அரசமைப்பின் பிரிவு 243கே வழியாகப் பிறந்தது. ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பதும் அரசமைப்பின் கட்டளைதான். ஆனால் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016இல் முடிந்தபின், வழக்குகளையும் வார்டு மறுவரையறையையும் தாண்டி ஊரகத் தேர்தல் வர 2019 டிசம்பர் ஆயிற்று, அதுவும் எல்லா மாவட்டங்களுக்கும் அல்ல. நகர்ப்புறம் 2022 பிப்ரவரி வரை காத்திருந்தது. அத்தனை காலமும் தனி அலுவலர்களின் ஆட்சி. இதில் எந்தக் கட்சியும் மற்றதைக் காட்டித் தப்பிக்க முடியாது. கேள்வி கேட்கும் அமைப்பை எந்த ஆட்சியும் விரும்பி வளர்ப்பதில்லை.

தகவல் கேட்கும் உரிமை மேலிருந்து இறங்கிவந்த கொடை என்றால் விட்டுவிடலாம். ராஜஸ்தானில் அருணா ராய் போன்றோருடன் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் அமைப்பின் கூலித் தொழிலாளர்கள் 1990களில் ஊர் நடுவே பொது விசாரணை நடத்தினார்கள். தங்கள் பெயரில் எழுதப்பட்ட கூலிப் பதிவேடு உரக்க வாசிக்கப்பட்டபோதுதான், செய்யாத வேலைக்கும் வாங்காத கூலிக்கும் தங்கள் பெயர் இருப்பதை அறிந்தார்கள். 2005இன் சட்டம் அந்த வெயிலில் விளைந்தது. தமிழ்நாடோ அதற்கு எட்டாண்டு முன்பே, 1997இல், நாட்டில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம். அந்தப் பெருமைக்கு ஏற்ற பொறுப்பு நமக்கு உண்டு.

நாம் கேட்பவை மூன்று. பதவி காலியாகும் முன்பே தேர்வு வேலையைத் தொடங்க வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சட்டமாக்கி, கெடு தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும். தேர்வுக் குழுவில் ஆளுந்தரப்புக்குப் பெரும்பான்மை இருக்கக் கூடாது. தணிக்கையருக்கு உள்ள ஓய்வுக்குப் பிந்தைய தடை, அரசைக் கேள்வி கேட்கும் பதவி ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று. அடுத்த முறை ஊர்க் கண்மாய்க்காக ஆர்டிஐ போடும்போது, இன்னொரு பத்து ரூபாய் செலவழித்து மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் ஒரு மனு போடுங்கள். மொத்த ஆணையர் பதவிகள் எத்தனை, காலியானவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து, நிலுவையில் உள்ள மேல்முறையீடுகள் எத்தனை என்று கேளுங்கள். வரும் பதிலை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆணையத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் கண்மாய்க் கணக்கு வெளியே வரும்.