ஆட்குறைப்பு மட்டும் போதுமா?



வணிகச் சூழல் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. தொழில்நுட்பம், நுகர்வோர் விருப்பு, போட்டி என்பன மாறும்போது நிறுவனம் தனது ஊழியப்படையையும் மீளமைக்க வேண்டியுள்ளது. மீளமைத்தல் என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஆட்குறைப்பே. அது மட்டும் தீர்வாகாது என்பது எனது கருத்தாகும்.

ஒளிப்படத் துறையை உதாரணமாகக் கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் கொடக் நிறுவனப் பொறியியலாளர் ஒருவர் 1975 இலேயே டிஜிட்டல் கமரா ஒன்றை உருவாக்கிக் காட்டினார். 1988 இல் அந்நிறுவனத்தில் ஏறத்தாழ 145,000 பேர் பணியாற்றினர். எனினும் அது படச்சுருள் வியாபாரத்திலேயே நீண்டகாலம் தங்கியிருந்தது. பல தடவைகள் ஆட்களைக் குறைத்தும், 2012 ஜனவரியில் கடன்கொடுத்தோரிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது.

யப்பானின் புஜிபில்ம் நிறுவனமும் இதே சிக்கலை எதிர்நோக்கியது. 2000 ஆம் ஆண்டில் உச்சத்தை அடைந்த வர்ணப் படச்சுருளின் கேள்வி, பத்தே ஆண்டுகளில் பத்திலொரு பங்கிலும் குறைந்தது. 2006 இல் சுமார் 5,000 வேலைகளைக் குறைக்க அது தீர்மானித்தது. இதனை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது. ஆயினும் அது அத்துடன் நின்றுவிடவில்லை. தனது ஊழியர்களுக்கு வேறு எவை தெரியும் என்றும் ஆராய்ந்தது.

படச்சுருளில் பயன்படும் ஜெலற்றின், கொலாஜனிலிருந்து பெறப்படுவது. மனிதத் தோலிலும் கொலாஜன் உண்டு. படம் மங்குவதற்கும் தோல் முதுமையடைவதற்கும் ஒட்சியேற்றம் ஒரு காரணமாகும். எனவே படச்சுருள் இரசாயனவியலாளரின் அறிவைக் கொண்டு, 2007 இல் தோல் பராமரிப்புப் பொருட்களை அந்நிறுவனம் சந்தைப்படுத்தியது. படச்சுருள் தயாரித்த அனுபவம், கணினித் திரைகளுக்கான மென்படலம் தயாரிக்கவும் உதவியது.

சிறிய நிறுவனங்களுக்கு இத்தகைய ஆராய்ச்சி இயலாது எனச் சிலர் வாதிடலாம். ஆனால் ஊழியரின் திறன்களைப் பட்டியலிடுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆண்டிறுதியில் களஞ்சியத்தின் இருப்பைக் கணக்கெடுக்கும் முகாமையாளர், தம் ஊழியரின் திறன்களையும் கணக்கெடுக்க வேண்டும். நட்டம் வந்தபின் அன்றி, இலாபம் கிடைக்கும் காலத்திலேயே மறுபயிற்சி அளிக்க வேண்டும். ஏனெனில் நீக்கப்படும் ஒவ்வொரு ஊழியருக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் உள்ளது. அவருடன் பல்லாண்டு அனுபவமும் வெளியேறுகின்றது.

மாணவர்களே, நாளை நீங்கள் முகாமையாளராகலாம் அல்லது ஊழியராகலாம். பதவியின் பெயர் மாறக்கூடும்; கற்ற திறன் வேறிடத்திலும் பயன்படும். ஆகவே, ஆட்களை எண்ணுவதற்கு முன் அவர்களது ஆற்றலை எண்ணுவதே சிறந்த மீளமைப்பாகும்.